நிலச்சீர்திருத்தத்தைத் தோற்கடித்தது யார்?

2008ஆம் ஆண்டு பீகார் அரசிடம் ஓர் அறிக்கை வழங்கப்பட்டது. நிலச்சீர்திருத்தம் குறித்து ஆராய்வதற்காக 2006இல் நிதிஷ் குமார் அரசே அமைத்த ஆணையத்தின் அறிக்கை அது. ஆணையத்தின் தலைவர் தேபப்ரத பந்தோபாத்யாய். 1978இல் மேற்கு வங்க இடது முன்னணி அரசு பங்குச் சாகுபடியாளர்களைப் பதிவு செய்யும் ‘ஆபரேஷன் பர்கா’ இயக்கத்தைத் தொடங்கியபோது, அம்மாநிலத்தின் நிலச்சீர்திருத்த ஆணையராக இருந்து அதை நடத்திய அதிகாரி அவர்தான். பங்குச் சாகுபடியாளரைப் பாதுகாக்கத் தனிச் சட்டம், மனையற்றோருக்கு வீட்டுமனை, நில உச்சவரம்புச் சட்டத்தின் ஓட்டைகளை அடைத்தல் எனத் தெளிவான பரிந்துரைகளை அவரது ஆணையம் பீகாருக்கு அளித்தது.

வங்கத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குச் சாகுபடியாளர்கள் பதிவேட்டில் இடம்பெற்றனர். பீகாரில் அந்த அறிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை. நிலவுடைமையாளர்களின் எதிர்ப்புக் குரல் எழுந்ததுமே அரசு பின்வாங்கிவிட்டது.

மனிதர் ஒருவரே. அரசியல் சட்டமும் ஒன்றே. 1793இல் காரன்வாலிஸ் பிரபு விதித்த நிரந்தர நிலவரித் திட்டத்தின் கீழ் நசுங்கிய வரலாறும் இரு மாநிலங்களுக்கும் பொதுவானதே. அப்படியிருக்க, விளைவு மட்டும் ஏன் வேறானது? இந்தியாவில் நிலச்சீர்திருத்தம் ஏன் தோற்றது என்னும் பெரிய கேள்விக்கு நேர்மையான விடை காண வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் சில உண்டு. சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. அதிகாரிகள் மெத்தனமாக இருந்தனர். நீதிமன்றங்கள் தடை விதித்தன. மக்கள்தொகை பெருகி நிலம் துண்டு துண்டானது. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இவை எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான தடைகள். பொதுவான தடைகளைக் கொண்டு வேறுபட்ட விளைவுகளை விளக்க இயலாது. வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. சட்டத்தின் பின்னால் கிராமத்தில் எந்த வர்க்கம் அணிதிரண்டு நின்றது என்பதே அந்த வேறுபாடு.

ஒரு சொல்லில் ஒளிந்த சூழ்ச்சி

ஜமீன்தாரி முறை ஒழிப்பு வெறும் கண்துடைப்பு என்று சொல்வது சரியாகாது. அரசுக்கும் உழவருக்கும் இடையில் நின்ற இடைத்தரகர்கள் அகற்றப்பட்டனர். சுமார் 2 கோடிக் குத்தகை விவசாயிகள் அரசோடு நேரடி உறவு பெற்றனர். தெலங்கானாவில் 1946 முதல் 1951 வரை நடைபெற்ற ஆயுதப் போராட்டமும், மூன்றில் இரு பங்கு விளைச்சல் உழுபவனுக்கே என்று வங்கத்தில் எழுந்த தெபாகா இயக்கமும் ஆளும் வர்க்கங்களுக்கு ஊட்டிய அச்சம் இந்தச் சட்டங்களின் பின்னணியில் இருந்தது.

ஆனால் அந்த 2 கோடிப் பேரில் பெரும்பகுதியினர் ஏற்கெனவே நிலையான உரிமையும் ஓரளவு வசதியும் பெற்றிருந்த மேல்தட்டுக் குத்தகையாளர்கள். உத்தரப்பிரதேசத்தில் முழு உடைமை பெற விரும்பியவர் ஆண்டுக் குத்தகையைப் போல் பத்து மடங்கு செலுத்த வேண்டியிருந்தது. செலுத்த முடிந்தவர் உயர்ந்தார். அவருக்குக் கீழே வாய்மொழி ஒப்பந்தத்தில் உழுதவர், வாரத்துக்கு உழுதவர், கூலிக்கு உழைத்தவர் இருந்த இடத்திலேயே இருந்தனர். பலர் அந்த இடத்தையும் இழந்தனர்.

இழப்புக்கு வழிவகுத்தது ‘சொந்தச் சாகுபடி’ என்னும் சொல். 1949இல் காங்கிரஸ் கட்சி அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழு தன் அறிக்கையை அளித்தது. அதன் தலைவர் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. நிலத்தில் இறங்கிக் குறைந்தபட்ச அளவாவது உடலுழைப்புச் செய்பவர், சாகுபடிப் பணிகளில் நேரடியாகப் பங்கேற்பவர் ஆகியோரையே சொந்தச் சாகுபடியாளராகக் கருத வேண்டும் என்றது அக்குழு. விதவைகள், சிறார்கள், உடல் ஊனமுற்றோர் நீங்கலாக வேறெவரும் நிலத்தைக் குத்தகைக்கு விடக்கூடாது என்றும் பரிந்துரைத்தது. குமரப்பா கம்யூனிஸ்ட் அல்லர். ஆயினும் அவர் வரைந்த கோடு உழைப்பவரையும் உழைக்காதவரையும் தெளிவாகப் பிரித்தது.

மாநிலச் சட்டமன்றங்கள் செய்த முதல் வேலை அந்தக் கோட்டை அழித்ததுதான். கூலியாட்களை வைத்துப் பயிரிடுவதும் சொந்தச் சாகுபடியே, மேற்பார்வையிடுவதும் சொந்தச் சாகுபடியே என்று பல மாநிலச் சட்டங்கள் விரித்துரைத்தன. சொந்தச் சாகுபடிக்கு வேண்டும் என்று சொல்லிக் குத்தகை நிலத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் நிலவுடைமையாளருக்கு வழங்கப்பட்டது. தலைமுறைகளாக உழுதவர்கள் ‘தாமாக முன்வந்து’ நிலத்தை ஒப்படைத்ததாகக் கைநாட்டு வைக்க நேர்ந்தது. குத்தகைப் பாதுகாப்புக்கென வந்த சட்டங்களே 1950களில் பெருவாரியான வெளியேற்றத்துக்கு வழிகோலின.

உச்சவரம்புச் சட்டங்களின் கதையும் இதுவே. பேச்சு முதலில், சட்டம் பல ஆண்டுகள் கழித்து. அந்த இடைவெளியில் நிலங்கள் உறவினர் பெயருக்கும், அறக்கட்டளைகளின் பெயருக்கும், பினாமிகளின் பெயருக்கும் மாறின. தோட்டங்களுக்கு விலக்கு, பழத்தோப்புகளுக்கு விலக்கு என வாசல்கள் திறந்துவைக்கப்பட்டன. பல பத்தாண்டுகளில் நாடு முழுவதும் விநியோகிக்கப்பட்ட உபரி நிலம் சுமார் 50 லட்சம் ஏக்கர். இது மொத்தச் சாகுபடிப் பரப்பில் 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

அமெரிக்க நிபுணரின் சான்று

இதை இடதுசாரிகளின் புலம்பல் என்று ஒதுக்குவோருக்கு வேறொரு சாட்சியைக் காட்டலாம். வுல்ஃப் லடெஜின்ஸ்கி என்னும் அமெரிக்க நிபுணர் கம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும், பின்னர் தைவானிலும் நடைபெற்ற நிலச்சீர்திருத்தங்களில் முக்கியப் பங்காற்றியவர். 1960களில் நமது திட்டக்குழுவின் வேண்டுகோளின்படி தஞ்சாவூர் உள்ளிட்ட சில மாவட்டங்களில் குத்தகை நிலைமையை ஆராய்ந்தார். அவர் கண்டது என்ன? குத்தகை பெரும்பாலும் வாய்மொழியாகவே இருந்தது. சட்டம் சொன்ன வாரம் ஒன்று, களத்தில் அளந்தது வேறொன்று. பதிவேட்டில் பெயரில்லாத விவசாயி எந்தச் சட்டத்தையும் நாட முடியாதவராக இருந்தார்.

ஜப்பானில் வென்ற அதே நிபுணரின் ஆலோசனை இந்தியாவில் ஏன் செல்லுபடியாகவில்லை? ஜப்பானில் நிலப்பிரபுக்களுக்குப் பரிவு காட்ட வேண்டிய தேவை அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்துக்கு இல்லை. தைவானுக்குத் தப்பிவந்த கோமிந்தாங் ஆட்சியாளர்களுக்கு அத்தீவில் சொந்த நிலமில்லை. அவர்கள் பறித்தது பிறர் நிலத்தை. இவற்றுக்கெல்லாம் மேலாக, சீனப் புரட்சி பக்கத்திலேயே நின்று எச்சரித்தது. இந்தியாவிலோ நிலப்பிரபு ஆளும் கூட்டணிக்குள்ளேயே இருந்தார். மாநிலக் காங்கிரஸ் கட்சிகளின் மாவட்டத் தலைமையிலும், சட்டமன்றங்களிலும், அமைச்சரவைகளிலும் இருந்தார். தன்னைத்தானே ஒழித்துக்கொள்ளும் சட்டத்தை எந்த வர்க்கமும் மனமுவந்து இயற்றியதாக வரலாறு இல்லை.

பி.எஸ். அப்பு தலைமையில் திட்டக்குழு அமைத்த பணிக்குழு 1973இல் இதையே அதிகாரபூர்வ மொழியில் ஒப்புக்கொண்டது. அரசியல் உறுதி இல்லை என்றது. பயனடைய வேண்டிய ஏழை விவசாயிகளும் தொழிலாளர்களும் அமைப்பாகத் திரளாததால் கீழிருந்து நெருக்குதல் இல்லை என்றது. அரசின் குழுவே எழுதிவைத்த நோய்க்குறிப்பு இது.

சொத்துரிமையும் நீதிமன்றமும்

பீகார் நிலச்சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து முதலில் நீதிமன்றப் படியேறியவர்களில் ஒருவர் தர்பங்கா மகாராஜா காமேஷ்வர் சிங். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தவர் அவர். 1951 மார்ச்சில் பாட்னா உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. அதே ஆண்டு முதலாவது அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டு, ஒன்பதாவது அட்டவணை உருவாக்கப்பட்டது. நாட்டின் முதல் திருத்தத்துக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று நிலம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை நிலைநாட்டிய கேசவானந்த பாரதி வழக்கும் நிலத்தில் முளைத்ததே. கேரள நிலச்சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் காசர்கோடு பகுதியின் எடநீர் மடத்தின் தலைவர் தொடுத்த வழக்கு அது. 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு 68 நாட்கள் விசாரித்து, 1973 ஏப்ரல் 24 அன்று 7க்கு 6 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மதச்சார்பின்மைக்கும் கூட்டாட்சிக்கும் அரணாக இன்று நாம் அக்கோட்பாட்டை உயர்த்திப் பிடிக்கிறோம், அது சரியானதே. அதே வேளையில், அந்த வழக்கின் வேரில் குத்தகை விவசாயியின் உரிமைக்கு எதிரான மனு இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஜம்மு காஷ்மீர் இருக்கிறது. 1950இல் ஷேக் அப்துல்லா அரசு கொண்டுவந்த பெரும் நிலவுடைமை ஒழிப்புச் சட்டம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தை 182 கனால், அதாவது 22.75 ஏக்கர் என வரையறுத்தது. எஞ்சிய நிலம் இழப்பீடின்றி எடுக்கப்பட்டு உழுதவரிடம் சேர்ந்தது. இந்திய அரசியல் சட்டத்தின் சொத்துரிமைப் பிரிவு அன்று அங்கு செல்லாது என்பதே இதைச் சாத்தியமாக்கியது. பழத்தோட்டங்களுக்கு விலக்களித்த குறை அதிலும் இருந்தது. ஆயினும் மற்ற மாநிலங்களில் நில உச்சவரம்பு பேச்சளவில் இருந்த காலத்தில் அங்கு அது நடந்தேறியது.

கேரளமும் வங்கமும் காட்டிய வழி

கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான அமைச்சரவை 1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்றது. ஆறாவது நாளே நில வெளியேற்றங்களைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் பிறந்தது. முதலில் முழுச் சட்டம் எழுதிப் பிறகு வெளியேற்றத்தைத் தடுக்கலாம் என்று காத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை மற்ற மாநிலங்களின் அனுபவம் காட்டுகிறது. 1959 ஜூனில் விவசாய உறவுகள் மசோதா நிறைவேறியது. ஜூலை 31 அன்று அரசு கலைக்கப்பட்டது. அதன்பின் வந்த சட்டத்தை உச்சநீதிமன்றம் 1961இல் முடக்கியது. 1969இல் இரண்டாவது இ.எம்.எஸ். அமைச்சரவை நிறைவேற்றிய திருத்தச் சட்டம், அச்சுத மேனன் தலைமையிலான அரசின் காலத்தில் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்த நாளுக்கு முன் நடந்ததுதான் முக்கியம். 1969 டிசம்பரில் ஆலப்புழையில் கூடிய விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் சட்டத்தைத் தாங்களே களத்தில் செயல்படுத்துவது என முடிவெடுத்தனர். ஏ.கே.ஜி. போன்ற தலைவர்கள் முன்நிற்க, குடிகிடப்புக்காரர்கள் தம் குடிசையைச் சுற்றி 10 சென்ட் நிலத்துக்கு வேலியிட்டனர். அதிகாரி வந்து அளக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்கள் இட்ட வேலியைப் பின்னர் அரசு பதிவேட்டில் ஏற்றியது.

வங்கத்திலும் 1978க்கு முன்னால் நீண்ட தயாரிப்பு இருந்தது. ஐக்கிய முன்னணி ஆட்சிகளில் நிலவருவாய்த் துறைப் பொறுப்பேற்ற தோழர் ஹரேகிருஷ்ண கோனார், பினாமி நிலங்களைக் கண்டறியும் வேலையில் விவசாயிகளையே ஈடுபடுத்தினார். எந்த நிலம் யாருடையது என்பதை ஆவணத்தைவிட அந்நிலத்தில் உழுதவர் நன்கறிவார் என்பதே அதன் அடிப்படை. ஆபரேஷன் பர்காவின்போது அதிகாரிகள் நிலவுடைமையாளர் வீட்டில் தங்குவதும் அங்கேயே விசாரிப்பதும் கைவிடப்பட்டன. மாலையில் வேலை முடிந்து உழவர்கள் திரும்பிய பின், அவர்களின் குடியிருப்பிலேயே கூட்டம் நடந்தது. ஒருவர் தனியாக எழுந்து பெயர் சொல்ல அஞ்சுவார். பலர் சேர்ந்திருக்கையில் அஞ்சமாட்டார். பட்டியல் ஊர் முன் வைக்கப்பட்டது. ஆட்சேபணை எல்லார் முன்னிலையிலும் கேட்கப்பட்டது. தான் பங்குச் சாகுபடியாளர் என்று உழுபவர் நிரூபிக்க வேண்டியதில்லை, இல்லையென்று உடைமையாளரே நிரூபிக்க வேண்டும் எனச் சட்டம் திருத்தப்பட்டது. இடுபொருளை உழுபவர் ஏற்றால் விளைச்சலில் 75 விழுக்காடு அவருக்கு என்பது உறுதியானது. அதே 1978இல் நடந்த ஊராட்சித் தேர்தல் கிராம அதிகாரத்தின் சமநிலையையே மாற்றியது. இந்தியா முழுவதும் உச்சவரம்பு நிலம் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மேற்கு வங்கத்தவர் என்பது இதன் விளைவு.

பீகாரில் இல்லாமற்போனது இதுதான். அறிக்கை எழுதப்பட்டது. ஆனால் அதை ஏந்தி ஊர்தோறும் மாலைக் கூட்டம் நடத்தும் வலிமையுள்ள இயக்கமும், அதற்குத் துணைநிற்கும் அரசும் ஒருசேர அமையவில்லை.

எட்டாமல் நின்ற எல்லைகள்

நம் சாதனைகளைச் சொல்லும்போது அவற்றின் எல்லைகளையும் சொல்வதே மார்க்சியரின் முறை. கேரளத்தில் குத்தகையாளர் உடைமையாளரானார். ஆனால் நிலத்தில் கூலிக்கு உழைத்த தலித் தொழிலாளர் பெரும்பாலும் வீட்டுமனையோடு நின்றுவிட்டார். தோட்டங்கள் உச்சவரம்பிலிருந்து தப்பின. வங்கத்தில் பர்கா பதிவுகள் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே அமைந்தன. பின்னாளில் சிங்கூரில் நிலம் எடுப்புப் பிரச்சனை எழுந்தபோது, பதிவு பெறாத பங்குச் சாகுபடியாளரும் கூலித் தொழிலாளரும் இழப்பீட்டுக் கணக்கின் விளிம்பில் நின்றனர். கேரளத்தில் குத்தகை சட்டப்படி ஒழிக்கப்பட்டதால், இன்று குடும்பஸ்ரீ குழுக்களில் நிலம் எடுத்துப் பயிரிடும் பெண்கள் மீண்டும் வாய்மொழி ஏற்பாட்டையே நம்ப வேண்டியுள்ளது. ஒரு தலைமுறையின் வெற்றி அடுத்த தலைமுறையின் உழவரைத் தானாகப் பாதுகாத்துவிடுவதில்லை.

பின்னோக்கிய பயணம்

நிலச்சீர்திருத்தத்தின் காலம் முடிந்துவிட்டது, பகிர்ந்தளிக்க இனி நிலமேது என்று கேட்போர் உளர். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி சராசரி நில அளவு 1.08 ஹெக்டேர்தான் என்பதை அவர்கள் சுட்டுகின்றனர். அதே கணக்கெடுப்பில், சிறு, குறு விவசாயிகளின் கைப்பற்றுகள் எண்ணிக்கையில் 86 விழுக்காடு. அவர்கள் வசமுள்ள பரப்போ சுமார் 47 விழுக்காடு. பெண்கள் நடத்தும் கைப்பற்றுகள் 14 விழுக்காடு மட்டுமே. 2011இன் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு, கிராமப்புறக் குடும்பங்களில் 56 விழுக்காடு நிலமற்றவை என்கிறது. சராசரி என்னும் எண் இந்த ஏற்றத்தாழ்வை மறைக்கிறது.

உண்மையில் நிலச்சீர்திருத்தம் முடியவில்லை, தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறது. உழுபவருக்குக் கொடுக்க நிலமில்லை என்னும் அதே அரசுகளுக்குப் பெருநிறுவனங்களுக்குக் கொடுக்க மட்டும் நில வங்கிகள் அமைக்க முடிகிறது. கர்நாடகத்தில் தேவராஜ் அர்ஸ் காலச் சட்டம் வைத்திருந்த தடைகளை 2020இல் அகற்றி, விவசாயி அல்லாதோரும் விளைநிலம் வாங்க வழி திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், 70 ஆண்டுகள் நிலைத்த ஜம்மு காஷ்மீர் பெரும் நிலவுடைமை ஒழிப்புச் சட்டத்தை ஒன்றிய அரசு ஓர் ஆணையின் மூலம் ரத்து செய்தது. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் அப்போது அங்கு இல்லை.

பதிவேட்டில் பெயரில்லாதவரின் துயரம் இன்று புது வடிவம் எடுத்துள்ளது. 2019இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நில உடைமை உள்ள குடும்பத்துக்கே. தெலங்கானாவின் ரைத்து பந்து திட்டமும் பட்டாதாரருக்கே பணம் அளித்தது. ஆந்திரத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகையாளருக்கு அட்டை தருகிறது. ஆனால் அதற்கு உடைமையாளரின் ஒப்புதல் வேண்டும். வெள்ளத்தில் பயிர் அழிந்தால் கடன் உழுதவருக்கு, நிவாரணம் பட்டாதாரருக்கு. வங்கிக் கடன் மறுக்கப்பட்டு கந்துவட்டியில் சிக்கித் தற்கொலை செய்துகொள்ளும் குத்தகை விவசாயி, பட்டா இல்லாததால் விவசாயத் தற்கொலைக் கணக்கிலும் இடம்பெறாமல் போகிறார்.

செய்ய வேண்டியது

2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்கு விவசாயிகள் சங்கத்தின் தலைமையில் நடந்த நெடும்பயணத்தில் ஆயிரக்கணக்கான பழங்குடியினர் வெடித்த பாதங்களோடு நடந்தனர். அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று, தாங்கள் தலைமுறைகளாகப் பயிரிடும் வனநிலத்துக்கான பட்டா. வன உரிமைச் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அதைச் செயல்படுத்தக் கோரி நடக்க வேண்டியிருந்தது. நில வரலாற்றின் சாரமே இந்த நடைப்பயணத்தில் இருக்கிறது.

எனவே நம் முன் உள்ள கடமைகள் கண்கூடானவை. குத்தகையாளரைப் பதிவு செய்ய உடைமையாளரின் ஒப்புதல் தேவையில்லை என்னும் சட்டத்துக்காகப் போராட வேண்டும். பட்டா பெண்ணின் பெயரிலும் அமைய வேண்டும். உச்சவரம்பைத் தளர்த்தும் ஒவ்வொரு திருத்தத்தையும், அது எந்தக் கட்சியின் அரசு கொண்டுவந்தாலும், எதிர்த்தாக வேண்டும். வீட்டுமனை, வனநிலம், தரிசுநிலம் ஆகியவற்றின் மீது நிலமற்றோரின் உரிமையை எழுப்ப வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னதாக, ஒவ்வொரு கிளையும் இப்போதே தொடங்கக்கூடிய பணி ஒன்று உண்டு. நம் ஊரில் யார் யாருடைய நிலத்தை என்ன வாரத்துக்கு உழுகிறார்கள், எத்தனை ஆண்டுகளாக உழுகிறார்கள் என்னும் பட்டியலை விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இணைந்து தயாரிக்க வேண்டும். அரசு கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் மாலை நேரத்தில், அவர்கள் குடியிருப்பிலேயே அமர்ந்து அதை எழுதலாம்.